பூனைக்குப் பிடித்த துணி

போர்ட் பிளேரில் சோபாத் துணி தேர்ந்தெடுப்பது என்றால், கப்பலில் எது வந்ததோ அதுவே நமக்குப் பிடித்தது என்று மனதைத் தேற்றிக்கொள்வது. ஒரு கப்பலில் ஒரு பேல் துணி வரும். அடுத்த மாதத்துக்குள் எங்கள் டெய்ரி ஃபார்ம் குடியிருப்பில் பாதி வீடுகளில் அதே துணி ஜன்னலில் தொங்கும், சோபாவில் ஏறியிருக்கும், மிச்சம் டிவிக்கு முக்காடாகியிருக்கும். ஒருமுறை ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவள், திரைச்சீலையைப் பார்த்து நம் வீடுதான் என்ற நினைப்பில் நேராக அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறேன்.

எங்கள் சோபா, இந்தத் தீவில் விளையும் படாக் மரம். என் வீட்டுக்காரர் மரத்தைத் தட்டி, தடவி, முகர்ந்து பார்த்துச் செய்யச் சொன்னது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவ்வளவு உற்றுப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. மரம் இரும்பு மாதிரி இருந்தது. துணிதான் மூன்று பூனைகளிடம் மாட்டிக்கொண்டு நார்நாராகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு பயந்துபோய் மெயின்லேண்டுக்கே திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள், "ஒரு மாசம் பாத்துக்கங்க" என்று ஒரு பூனையை விட்டுப்போனார்கள். அவர்கள் வரவே இல்லை. பூனை எங்கள் செலவில் மூன்றானது. பெயர் எதுவும் வைக்கவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் மூன்றும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, அதற்கு எதற்குத் தனித்தனிப் பெயர்? வீட்டுக்கு வருபவர்கள் எழுந்து போகும்போது பின்பக்கத்தில் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டு போகும். சொல்லவும் முடியாது, தட்டிவிடவும் முடியாது.

அந்தச் சோபாவில்தான் மதினி தூங்குவார். என் வீட்டுக்காரரின் அக்கா. தெற்கே ஒரு தீவிலிருக்கும் ஹட்பேயில் வீட்டையும் புருஷனையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நிவாரணத் தகரக் கொட்டகையில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு எங்களிடம் வந்தவர். உள்ளறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். "வாசல் பக்கத்துலயே இருக்கேன்" என்று ஹாலுக்கு வந்துவிட்டார். பூனைகள் அவர் காலடியிலும் வயிற்றிலும் சுருண்டுகொண்டால்தான் கண்ணை மூடுவார். பூமி ஆடப்போவது பூனைக்கு முன்கூட்டியே தெரியும், அதனால்தான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அந்த வருஷங்களில் ஊரில் வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி. ஒருவர் கோழியைக் கவனித்தார், ஒருவர் டம்ளர் தண்ணீரைக் கவனித்தார், எதிர்வீட்டுக்காரர் உத்தரத்தில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டு, காற்றடித்தபோதெல்லாம் குடும்பத்தோடு தெருவுக்கு ஓடிவந்தார்.

"இந்தத் தடவை பூனை கிழிக்காத துணி" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அபர்தீன் பஜாரில் சோபாத் துணி விற்கும் பாய் ராமநாதபுரத்துப் பக்கம். எந்தத் துணியைத் தொட்டாலும் "ஏக்தம் பக்கா மால்", அசல் உறுதியான சரக்கு என்பார்.

"பாய், வீட்டுல பூனை இருக்கு" என்றேன்.

"பூனை என்னம்மா பூனை, யானை ஏறி உக்காந்தாலும் குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது."

"யானை கீறாது பாய்."

கொஞ்சம் யோசித்தார். சாம்பிள் புத்தகத்தைத் தூக்கிக் கையில் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் அதுககிட்டயே காட்டிருங்க. சீக்கிரம் திருப்பிக் குடுத்துருங்க, அடுத்த ஷிப்புக்கு ஆர்டர் போடணும்."

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அப்படியே செய்தேன். ஹால் தரையில் வெல்வெட், பூப்போட்டது, சணல் மாதிரி முரடானது, ரெக்சின் எல்லாவற்றையும் விரித்துவைத்துவிட்டு நடுவராக உட்கார்ந்தேன். ஒன்று வெல்வெட்டின் மேல் உட்கார்ந்து நக்கிக்கொண்டது. இன்னொன்று துணிகளை ஏறிட்டும் பார்க்காமல் புத்தகத்தின் அட்டையைப் பிறாண்டியது. மூன்றாவது, என் வீட்டுக்காரர் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டுக்குள் போய்த் தூங்கிவிட்டது. அவர் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"ரெக்சின். நகம் வழுக்கும். முடி ஒட்டாது. தொடச்சா போச்சு."

"இந்த ஊர் வேர்வைக்கு முதுகு ஒட்டுமே" என்றேன்.

"பூனை ஒட்டாதுல்ல?"

மதினியை யாரும் கேட்கவில்லை. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கப்பல் வந்தது, சாக்லேட் நிறத்தில் ரெக்சின் வந்தது, மிஸ்திரி வந்து அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் நாள் ஒரு பூனை வழக்கம்போலப் பாய்ந்து ஏறியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சறுக்கிக்கொண்டே போய் அந்தப் பக்கம் விழுந்தது. எழுந்து எங்களைப் பார்த்த பார்வையில் அவ்வளவு அவமானம். அன்றே மூன்றும் அடுப்படிப் பரணுக்குக் குடிபோய்விட்டன. வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வருபவர்களை எல்லாம் உட்காரச் சொல்வார். அவர்கள் எழும்போது வேர்த்த தொடை ரெக்சினிலிருந்து பிரியும் சத்தத்தை, வேறு சத்தமாக எடுத்துக்கொண்டு, எல்லோரும் நாகரிகமாக ஜன்னலைப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் மதினியின் கண் உள்ளே போய்விட்டது. காலையில் நான் எழுந்து வரும்போது, சோபாவில் நேராக உட்கார்ந்திருப்பார். படுத்த அடையாளமே இருக்காது. சாயங்காலம் பால் காய்ச்சிக் கொடுத்தேன். நெற்றிக்குத் தைலம் கொடுத்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"வழுக்குதா மதினி?"

"வழுக்கல." முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "அதுக வரமாட்டேங்குதுக."

"ஆட்டம் வந்தா நாங்க எழுப்ப மாட்டோமா?"

"ஆட்டத்துக்கு இல்ல." முறத்தைக் கீழே வைத்தார். "அன்னிக்கு ஆட்டத்துல அடுப்படி பூரா உருண்டு போச்சு. முந்தின நாளு வச்ச மீன் கொழம்பும் போச்சு. எங்க பூனை ஒரு சூரை மீன் துண்டைக் கவ்விக்கிட்டு மேட்டுப் பக்கம் ஓடுச்சு. நான் வெறகுக் கட்டைய எடுத்துக்கிட்டுப் பின்னாடியே ஓடுனேன். வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டே ஓடுனேன். உங்க அண்ணன் வாசல்ல நின்னு சிரிச்சாரு. 'விடு, ஒரு துண்டு மீனுதானே'ன்னாரு. நான் விடல. மேட்டுல ஏறித் திரும்பிப் பாத்தா வாசலும் இல்ல, அவரும் இல்ல."

"பூனை?" என்றேன்.

"அது மீனைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஆட்டமும் தெரியாது, கடலும் தெரியாது. களவாணி. ஆனா அந்தச் சாதி பக்கத்துல கெடந்தாத்தான் எனக்குக் கண்ணு மூடுது."

எனக்கு அழுகை வந்தது. கூடவே ரெக்சின் மேல் வந்த ஆத்திரத்தில் அதை நானே நகத்தால் கிழித்திருப்பேன். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். அக்கா இதை அவரிடம் சொன்னதே இல்லையாம். சட்டையைக்கூடக் கழற்றாமல் போய், ரெக்சினைக் கையால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் பாய் கடைக்கு அவரே முன்னால் நடந்தார். "பாய், பூனைக்குப் பிடிச்ச துணி வேணும்."

பாய் என்னைப் பார்த்தார். "கிழிக்காததுதானே?"

"கிழிக்கிறது. எது அதுகளுக்கு ரொம்பப் பிடிக்குமோ அது."

பாய் கண்கூடக் கொட்டவில்லை. "அதுவும் நம்மகிட்ட இருக்கு. ஏக்தம் பக்கா மால்." யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த துணி. இழை இழையாகத் துருத்திக்கொண்டு, தேங்காய் நார் மிதியடிக்கு மெரூன் சாயம் போட்டதுபோல இருந்தது. மிஸ்திரி அதை ரெக்சினுக்கு மேலேயே வைத்து அடித்தார். அடித்து முடிப்பதற்குள் பரணிலிருந்து ஒன்று இறங்கி வந்து, அவர் கைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. பத்து நாளில் இரண்டு மூலையும் காலி. ஒவ்வொரு பிறாண்டலுக்கும் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து நானும் வீட்டுக்காரரும் உள்ளறையில் படுத்திருந்தோம். பீரோ கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. அவர் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்கட்டு வழியாக ஓட, நான் அவரை முந்திக்கொண்டு ஓடினேன். வெளியே கொய்யா மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் அவர் முகம் மாறியது.

"அக்கா!"

திரும்ப உள்ளே ஓடினோம். எங்களிடம் வந்த நாளிலிருந்து, தரை லேசாக அசைந்தாலே எங்களுக்கு முன்னால் ரோட்டில் நிற்பவர் மதினி. ஒருமுறை பாதிக் குளியலில் ஈரப் பாவாடையோடு நின்றார். அன்று அவர் ஹாலில் சோபாவில், மல்லாந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். மேலே மூன்று பூனைகள். ஒன்றுக்கும் எதுவும் தெரியவில்லை. நாங்கள் தடதடவென்று வந்த சத்தத்துக்கு ஒன்று மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, சலித்துக்கொண்டு மூடியது.

வீட்டுக்காரர் அக்காவின் தோளைத் தொடக் கையை நீட்டினார். தொடவில்லை.

"எழுப்பட்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

"வேணாம்."

மின்விசிறி ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். சோபாவில் எங்களுக்கு இடமில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துகொண்டோம்.