விரத நாளில் போட்ட மாத்திரை

எனக்கு அறுபத்தாறு வயது. போன வருஷம் வரை கிருத்திகைதோறும் திருத்தணி மலைப்படிகளை எங்கும் உட்காராமல் ஏறிவிடுவேன். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. அப்படி ஒரு கிருத்திகைக்கு விரதமிருந்தபோதும் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். மாத்திரை சோறில்லையே, விரதம் கெடாது என்று நினைத்தேன்.

பாதி மலையில் கை நடுங்கியது. எதிரே இருந்த படி இரண்டாகத் தெரிந்தது. கூட வந்த மைத்துனன், "இன்னா பாவா, இப்டி வேர்த்துகினு கீது? குந்துங்க" என்றான். வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. கீழே இறங்கும் படிகளைப் பார்த்தேன். உருண்டால் அவ்வளவுதான் என்று மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

படியோரம் பூ விற்கும் அம்மா ஓடிவந்து, "சக்கர மாத்திர போட்டாரா?" என்றார்.

"ஆங், போட்டாரு. ஆனா விரதம்மா."

"உசுரு போனா யாருப்பா சாமி கும்புடறது?" என்றபடி, தான் குடிக்க வைத்திருந்த சர்க்கரை போட்ட டீயை என் வாயில் வைத்தார். சற்று நேரத்தில் படி ஒன்றாகத் தெரிந்தது.

சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார் டாக்டர். இப்போதெல்லாம் அவரைக் கேட்காமல் விரதமில்லை. சட்டைப்பையில் வெல்லக்கட்டி இருக்கிறது. இளவட்டங்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று நடுநடுவே உட்காருகிறேன். அந்த ஒரு படியை மட்டும் இன்னமும் மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறேன்.