பக்கத்துக் கட்டிலில் இறங்கிய சிறுநீர்

என் வீட்டுக்காரருக்குக் கணையம் வீங்கிவிட்டது. பித்தப்பையிலிருந்த கல் நகர்ந்து குழாயை அடைத்ததால் வந்த வினை. உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சுத் திணறியது. சிறுநீர் அடியோடு நின்றுபோனது. கழுத்தில் தடித்த குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்பும் எந்திரத்தோடு இணைத்தார்கள். பிரஷர் இறங்கியிருந்ததால் வழக்கமான டயாலிசிஸை உடம்பு தாங்காதாம். இது இரவும் பகலும் மெதுவாக ஓட வேண்டுமாம்.

பக்கத்துக் கட்டிலில் அக்காள்மடம் என்ற ஊர்க்காரர் ஒருவர். அதே நோய், அதே எந்திரம். அவர் மனைவி என்னைவிடச் சின்னவள். ஐசியு வாசலில் ஒரே பாயில்தான் படுத்தோம். அவள் வாங்கிவரும் இட்லியில் பாதி எனக்கு.

எங்கள் எந்திரம் அடிக்கடி கத்தும். வடிகட்டியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், மாற்றுவார்கள். அவர்களுடையது சத்தமில்லாமல் ஓடியது.

ஒரு நாள் காலை அவள் ஓடிவந்தாள். "அக்கா, அவுகளுக்கு ஒண்ணுக்கு வந்துருச்சுக்கா! பையில பாதி ரொம்பிருக்கு!"

"நல்லதுத்தா" என்றேன். வயிறு எரிந்தது. உள்ளே போனதும் முதலில் அந்தப் பையைத்தான் பார்த்தேன். மஞ்சளாகக் கனத்துத் தொங்கியது. எங்கள் பையில் ஒரு சொட்டு இல்லை. நேரே டாக்டரிடம் போனேன்.

"அவுகளுக்கு மட்டும் நல்ல மெஷினாக் குடுத்துருக்கீக. இவுகளுக்கும் அதையே மாட்டுங்க."

அவர் கோபிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதாம்மா. மெஷின் கணையத்தைக் குணமாக்காது. கிட்னி முழிக்கிற வரைக்கும் அதோட வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான். இவருக்கு எப்ப முழிக்கும்னு சொல்ல முடியல."

அவள் கணவரை வார்டுக்கு மாற்றிய அன்று, பாயை எனக்கே விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. அவள் தலையில் புதிதாக வைத்திருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களுக்கும் சிறுநீர் வந்தது, கொஞ்சங்கொஞ்சமாக. ஓடிப்போய்ச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் போன் செய்வாள். போன வாரமும் செய்தாள்.

"அண்ணன் எப்படியிருக்காகக்கா?"

"இருக்காக. கணையம் கெட்டதுல சுகர் வந்துருச்சுல்ல, ஊசி போடுறோம். ஒங்க வீட்டுல?"

"இவுகளுக்கு அதெல்லாம் இல்லக்கா. பாறை மீன் கொழம்பு வச்சேன், ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாக."

போனை வைத்துவிட்டு இன்சுலினை எடுத்தேன். "அந்த மனுசன் நல்லாருக்காராமா?" என்று சட்டையைத் தூக்கியபடி கேட்டார் இவர்.

"மீன் கொழம்பு திங்கிறாராம்."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.