பஸ்ஸில் கேட்ட என் குரல்

தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் டவுன் பஸ்ஸில், ஒரு மத்தியான வேளையில், என் குரலை நானே கேட்டேன். "ஆதரவற்ற முதியோருக்கான இலவச மதிய உணவுத் திட்டத்தில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. வாழ்த்துகள்." முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மாவின் பையிலிருந்து அது வந்தது. ஆள் ஏற்ற வண்டி நின்று, என்ஜினும் அடங்கியிருந்ததால், கடைசி இருக்கைவரை தெளிவாகக் கேட்டது. அவர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். கீரைக்கட்டு வெளியே வந்தது, தக்காளி உருண்டது, போன் மட்டும் அகப்படவில்லை. திரையைத் தொடும்வரை செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்படி அந்தச் செயலியை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி. என் குரல் அவரை மறுபடியும் வாழ்த்தியது.

அவரைத் தலைவரம்மா என்றுதான் கூப்பிடுவோம். இண்டூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மகளிர் குழுவை நெடுநாள் நடத்தியவர். இலவச மருத்துவம், சாப்பாடு, சட்ட உதவி எல்லாம் எங்கே கிடைக்கும் என்று ஏழை ஜனங்களுக்கு ஒரே இடத்தில் காட்டுவதற்காக நாங்கள் அந்தச் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக அது பேசவும் வேண்டும் என்று முடிவானது. இந்தப் பக்கத்துப் பெண் என்பதால் குரல் கொடுக்க என்னை உட்காரவைத்தார்கள். 'ஆதரவற்ற' என்ற சொல்லில் றகரம் அழுத்தமாக விழுந்ததென்று பாராட்டினார்கள். அந்தச் சொல் யார் காதில் போய் விழும் என்று நான் யோசிக்கவேயில்லை. வீடு வீடாக எங்களைக் கூட்டிப்போய், பெண்களிடம் பேசி, அவர்கள் போனில் செயலியைப் போடவைத்தது தலைவரம்மாதான். கணவர் போன பிறகு நிலத்தை விற்று, ஓசூரில் வேலையிலிருந்த இரண்டு மகன்களுக்கும் வீடு கட்டக் கொடுத்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெண், "ஏனுங்க்கா, உங்களுக்குத்தான் ரெண்டு பசங்க இருக்கறாங்களே?" என்றாள். குத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேறு யாருக்கோ பதிந்து கொடுத்தது தன் போனுக்கு வந்துவிட்டது என்று தலைவரம்மா சொன்னார். பிறகு தன் ஊர் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார். படியருகே என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வரவேற்று டீ கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களை நினைத்துத்தான் சத்தமாகச் சொல்லும்படி வைத்தோம் என்று ஏதேதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வேளை சோறு வேணும்னுதான் கண்ணு பதிஞ்சேன். எனக்குப் பசங்க இல்லைன்னு நான் சொல்லலையே."

பெயரை எடுத்துவிடச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, அவர் பார்க்க எடுத்தேன். வேண்டாம், சாப்பாட்டை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

பஸ்ஸில் நடந்தது ஊர்ப் பேச்சாகி ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய மகன் கார் எடுத்துக்கொண்டு வந்தானாம். ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாய் என்று வாசலில் நின்றே சத்தம் போட்டுவிட்டு, அன்றைக்கே அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று குழுப் பெண்கள் சொன்னார்கள். நாங்கள் செயலியைத் திருத்தினோம். இப்போது அது தானாகப் பேசுவதில்லை. போனைக் காதில் வைத்தால்தான் பேசும். அந்தச் சொல்லும் அதில் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் வேலையை விளக்கிய கூட்டத்தில், ஒரு தாயை மகனோடு சேர்த்துவைத்தது இந்தச் செயலி என்று எங்கள் மேலாளர் பெருமையோடு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன மாதம் தலைவரம்மா போன் செய்தார். மருமகள் தூங்குவதாகச் சொல்லி மெதுவாகப் பேசினார். மூன்றாவது மாடி, இறங்கினால் ஏற முடிவதில்லை, அதனால் இறங்குவதில்லை என்றார். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்றார். குழுப் பெண்களை ஒவ்வொருவராக விசாரித்தார். அந்த மதிய உணவுக்கு இப்போது யார் யார் போகிறார்கள் என்று கேட்டார். சிலர் பெயரைச் சொன்னேன். அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்தச் சாப்பாடு நல்லாருக்குமா கண்ணு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அதை ஒருநாளும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.