ஃபிலிமுக்கு அடியில் ஒரு கோடு

போன வருடத்துக்கு முந்தின வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கடலூரில் என் கடையில் நடந்தது இது. நடந்தது என்று பட்டும் படாமலும் சொல்கிறேன். உண்மையில் நான் செய்தது.

மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். காருக்குக் கிளியர் ஃபிலிம் ஒட்டுவது தொழில். கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்பு ஃபிலிம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அது வேறு. இது வண்டியின் பெயின்ட் மேலேயே ஒட்டுவது. கண்ணாடி மாதிரி தெளிவாக, கொஞ்சம் தடிமனாக இருக்கும். ஒட்டிய பிறகு ஒட்டியிருப்பதே தெரியாது. முன்னால் போகும் லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்தால் பெயின்ட் பெயர்ந்துபோகாமல் அந்த அடியை இது வாங்கிக்கொள்ளும். கடலூர் சிதம்பரம் ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜல்லி லாரிகளின் புண்ணியத்தில் எனக்கு நல்ல பிழைப்பு.

கை சுத்தம் என்று எனக்கு ஊரில் பேர். ஊர் சொன்னதைவிட நானே சொல்லிக்கொண்டதுதான் ஜாஸ்தி. "நம்ம பிளேடு ஃபிலிம வெட்டும், பெயின்ட்ட மட்டும் தொடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அளப்பேன். என் மனைவி இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு, காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால்கூட, "உங்க பிளேடு மாதிரி இல்லீங்க இது" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு கடலூர் முதுநகரில். இனித் தினமும் காரில் போய் வரப்போகிறவர். கருநீல வண்டி, வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. பல வருடம் ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் அலைந்து, வீட்டிலேயே முதன்முதலாகக் கார் வாங்கிய ஆள் அவர்தானாம். வண்டியைச் சுற்றி வரும்போது புறங்கையால்தான் தொட்டார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் வண்டியை மந்திரிக்கப் போகிறார், அதற்குள் வேண்டும் என்றார். நான் எல்லோருக்கும் சொல்லும் எச்சரிக்கையை அவருக்கும் சொன்னேன். "மஞ்சள் குங்குமம் மட்டும் ஃபிலிம் மேல வெக்காதீங்க சிஸ்டர், கறை புடிச்சா போவாது." அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்குத் தீர்த்தம் மட்டுந்தாண்ணே. அது தண்ணிதான், கறை புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிளேடு என்றால் முனையை உடைத்து உடைத்துப் பயன்படுத்துகிற கத்தி. ஒரு ஓரம் வெட்டி முடித்ததும் மழுங்கிய முனையைக் குறடால் 'டிக்' என்று உடைத்துவிட்டுப் புது முனையில்தான் அடுத்த ஓரத்தைத் தொடவேண்டும். புது முனை என்றால் கத்தியின் கனத்திலேயே ஃபிலிம் பிரிந்துவிடும். மழுங்கல் முனையை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் அது எதுவரை இறங்கும் என்பது நம் கையில் இல்லை.

அன்று எனக்கு அவசரம். வெளியே இன்னொரு வண்டி காத்திருந்தது. பானெட்டில் கடைசி ஓரம், டிரைவர் பக்க ஹெட்லைட் மூலை. குறடு இரண்டு எட்டு தள்ளி பெஞ்சில் கிடந்தது. ஒரு சாண் நீளம்தானே என்று மழுங்கிய முனையையே வைத்தேன். ஃபிலிம் பிரியவில்லை. அழுத்தினேன். பிரிந்தது. பிரிந்த அதே நொடியில் என் கைக்குத் தெரிந்துவிட்டது.

ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தேன். கருநீலத்தில் வெள்ளையாக ஒரு கோடு, சுண்டுவிரல் நீளத்துக்கு. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அப்போது நான் செய்த முதல் காரியம் அதுதான் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. ஷாம்பு தண்ணீரை அடித்து, ஃபிலிமைக் கொஞ்சம் இழுத்து, ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தேய்த்துவிட்டேன். ஃபிலிமில் இருக்கும் பசை மெல்லிய கீறலை நிரப்பிவிடும். தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் கோட்டைக் காணோம். எனக்கே தேட வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தார். "ஒட்டுனதே தெரியலண்ணே!" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். நான் என் வசனத்தைச் சொன்னேன். ஆமாம், அன்றைக்கும் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு டப்பா நிறையக் கேக்கும் கலகலாப் பலகாரமும் தன் தம்பி கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோரும் தின்றோம். தொண்டையில் சிக்கியது என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் இருந்தது, நான் இரண்டாவது தடவையும் கை போட்டேன். பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். ஃபிலிம் கழற்ற ஐந்தாறு வருடம் ஆகும், அதற்குள் யார் கண்டது என்று மனசு கணக்குப் போட்டு ஓய்ந்துவிட்டது.

ஐந்தாறு வருடம் ஆகவில்லை. சித்திரை வெயில் ஆரம்பித்தபோதே அந்தக் கருநீல வண்டி என் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. சிஸ்டர் இறங்கினார், முகம் சரியில்லை. பின்னால் தம்பி பைக்கில் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். இருபத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஸ்ரீமுஷ்ணத்தில் நண்பன் கல்யாணம் என்று தம்பி வண்டியை எடுத்துப் போயிருக்கிறான். திரும்பும்போது முன்னால் போன டிப்பரிலிருந்து கல் தெறித்து, பானெட் நடுவில் ஃபிலிம் கிழிந்துவிட்டது. இவன் லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டியிருப்பான் என்று அக்காவுக்குக் கோபம். இதற்கு முன்னால் அவருடைய ஸ்கூட்டியைச் சுவரில் உரசிவிட்டு, நான் இல்லவே இல்லை என்று ஒரு மாதம் சாதித்தவன் அவன். அதனால் இப்போது அவன் வாயைத் திறந்தாலே யாரும் நம்புவதில்லை.

"ஃபிலிம உரிச்சிப் பாக்கலாம்ணே. உள்ளார பெயின்ட்ல ஒரு கோடு இருந்தாலும் சரி, இவன் இனிமே இந்தச் சாவியத் தொடக்கூடாது. நைட் டியூட்டி முடிஞ்சா இவன் வந்து கூட்டிட்டுப் போவ வேணாம், நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றார் வாசலுக்கும் கேட்கிற மாதிரி.

எனக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான், 'கோடு'.

"நீங்க போயிட்டு சாயங்காலமா வாங்க சிஸ்டர், நான் பாத்து வெக்கறேன்" என்றேன். "இல்லண்ணே, இன்னிக்கி லீவுதான். நிக்கறேன்" என்று பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

ஃபிலிமின் பசை இளக ஹீட் கன்னை வைத்துச் சூடு காட்டினேன். எதிர் மூலையிலிருந்து உரிக்க ஆரம்பித்தேன், முடிந்தவரை மெதுவாக. கல் பட்ட இடம் வந்தது. பெயின்ட்டில் ஒன்றுமே இல்லை. மேலே காயம் பட்டது ஃபிலிமுக்கு மட்டும்தான். "அப்பாடா, மாதாவே!" என்று சிஸ்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வாசலில் தம்பி தலை நிமிர்ந்தான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். புதிது ஒட்ட முழு ஃபிலிமையும் உரித்தாக வேண்டும் என்பதால் முடியவில்லை. ஹெட்லைட் மூலைக்கு வரும்போது நான் ஒரு கையால் உரித்துக்கொண்டே மறு கையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் கீறல் தெரியாது. ஈரம் காய்வதற்குள் புது ஃபிலிமைப் போட்டு மூடிவிடலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். புது ரோலை எடுக்கத் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால் சிஸ்டர் பெஞ்சிலிருந்த துணியை எடுத்துப் பானெட்டை ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். நர்ஸ் கை. ஒரு மூலைகூட விடவில்லை. ஹெட்லைட் பக்கம் வந்ததும் கை நின்றது. நகத்தால் ஒருமுறை வருடினார்.

"டேய், இங்க வா. இது என்னாடா?"

தம்பி வந்து குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "நான் இல்லக்கா. மாதா சத்தியமா நான் இல்ல."

"மாதாவ எதுக்குடா இழுக்கற? ஸ்கூட்டிக்கும் இதேதான சொன்ன?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு உண்மை தெரியும் என்று நினைத்து அவன் பார்க்கவில்லை, பாவம். பக்கத்தில் வேறு ஆள் இல்லையே என்று பார்த்தான். நான் பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். கல்தான் இரண்டு இடத்தில் பட்டிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். என் பேர் பத்திரமாக இருக்கும். அந்தப் பையனுக்கு ஏற்கெனவே போன பேர்தானே, இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது.

"தம்பி இல்ல சிஸ்டர். நான்தான். பிளேடு பட்டது."

அவருக்கு முதலில் புரியவில்லை. "இப்ப உரிக்கும்போதாண்ணே?"

"இல்ல. மொதல்ல ஒட்டுன அன்னிக்கே."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கையிலிருந்த துணியை மடித்துப் பெஞ்சில் வைத்தார். அப்புறம் சாதாரணக் குரலில்தான் சொன்னார். "கோடு விழுந்தது பரவால்லண்ணே. கை தவறாத ஆள் யாரு? புண்ணக் காட்டாம மேல கட்டுப் போட்டுக்கிட்டு வர்றவங்கள நான் டெய்லி பாக்கறேன். அவுங்களாவது அவுங்க ஒடம்புலதான் போட்டுக்கறாங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. பானெட்டுக்கு என் செலவில் புது பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். கம்பெனி பெயின்ட் போனால் போனதுதான், மேலே அடிப்பது அது மாதிரி வராது. அது எனக்கும் தெரியும். பாலிஷ் போட்டுப் பார்த்தேன், கோடு மங்கியதே தவிரப் போகவில்லை. "அது அப்பிடியே இருக்கட்டும், மேல ஒட்டுங்க. ஆனா இந்த வாட்டி நான் இங்கதான் நிப்பேன்" என்றார்.

நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மூன்று மணி நேரம் நான் வேலை செய்தேன், அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. ஒவ்வொரு ஓரத்துக்கும் பிளேடு முனையை 'டிக்' என்று உடைத்தேன். நாலாவது தடவை உடைத்தபோது, "அன்னிக்கி இத ஒடைக்கலியா?" என்று கேட்டார். "ஒடைக்கல" என்றேன்.

நடுவில் தம்பி டீ வாங்கி வந்தான். எனக்கும் ஒன்று. கிளாஸைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எப்பிடிண்ணே வாயத் தொறந்து சொன்னீங்க? ஸ்கூட்டிக்கு எனக்கு வரவே இல்லண்ணே." எனக்கும் நாலு மாதம் வரவில்லை என்று சொன்னேன். இரண்டு பேரும் வெட்கத்தோடு டீயைக் குடித்தோம்.

வேலை முடிந்தது. சிஸ்டர் தம்பியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, இந்தப் பக்கமாகச் சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பைக் என் ஷெட்டிலேயே நின்றது, மறுநாள் காலை வந்து எடுத்துப் போனான்.

இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். ஆடி மாதம் வண்டி கழுவுவதற்கு வந்தார். இப்போதும் வருகிறார், வரும்போதெல்லாம் தம்பிதான் ஓட்டி வருகிறான். பழைய வசனத்தை நான் விட்டுவிட்டேன். புது வண்டி வந்தால், ஒட்டுவதற்கு முன்னாலும் ஓரத்தில் ஃபிலிமை மடிப்பதற்கு முன்னாலும் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். என்னப்பா ரொம்பத்தான் பண்ணுகிறாய் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. சலித்துக்கொள்ளட்டும்.

அந்தக் கருநீல வண்டியைக் கழுவும்போது மட்டும் ஹெட்லைட் மூலைக்கு வந்தால் என் கை தானாக மெதுவாகிவிடும். மற்றவர்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. எவ்வளவோ கல் அதன்மேல் தெறித்திருக்கும், ஃபிலிம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு என் கோட்டை அன்றைக்கு இருந்த மாதிரியே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டு நிமிரும்போது, அது தம்பி பேரில் இல்லாமல் என் பேரிலேயே இருப்பதில்தான் எனக்கு நிம்மதி.