கங்கையம்மன் கொண்டுவந்து சேர்த்த சேதி

செத்தாரா, இருக்கிறாரா என்று தெரியாத ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூண்டுக்குள் நான் கிடந்திருக்கிறேன். கங்கையம்மன் என்னை வெளியே எடுத்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் பெரும் புயல் அடித்தது. பாதி வீடுகள் போயின. தோணியும் வலையும் போயின. என் வீட்டுக்காரர் அன்று காலையில் தனியாக ஏரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. என் கொழுந்தன் தென்கரை முழுக்கத் தேடினார். காற்று அடித்த திசைக்கு வடக்கே போயிருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். உடம்பும் கிடைக்கவில்லை.

கொழுந்தன் காரியம் செய்துவிடலாம் என்றார். என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"எம்புள்ள வருவான். அவன் வரும்போது இவ ஊட்டுல இருக்கணும்" என்றார்.

அதிலிருந்து நான் வாசலைத் தாண்டவில்லை. பொட்டு வைத்தால் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வைக்காமல் இருந்தால் மாமியார் அழுவார். சோற்றில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும், மறுநாள் அதை நானே தின்ன வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகவும் விடவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அழுகைகூட வரவில்லை. அழுதால் அவரை நானே கொன்றது போலாகிவிடும் என்று பயம்.

தை பிறந்தது. நிவாரண அரிசி வந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் எங்கள் கங்கையம்மன் கோயிலை ஒட்டி மட்டும்தான் இருந்தது. அங்கே எல்லோருமாகக் காய்கறித் தோட்டம் போடுவது என்று ஊரில் முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள், கூலி கிடையாது, விளைவதில் எல்லோருக்கும் பங்கு. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு ராசம்மா அக்கா. அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பெரிம்மா, உங்க ஊட்டுலேந்து யாரும் வரல. உன் மருமவள அனுப்பு."

"அவ வரமாட்டா."

"அப்ப நீ வா."

மாமியாருக்கு முழங்கால் வீக்கம். கொழுந்தன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சூளை வேலைக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மாமியார் என்னை அனுப்பினார்.

கோயில் கூரை பறந்து போயிருந்தது. அம்மன் வெயிலில் நின்றிருந்தாள். அதுவரை 'அவரைக் கொடு' என்றுதான் கேட்டிருந்தேன். அன்று வேறு மாதிரி கேட்டேன்.

"தாயே, இருந்தா கொண்டா. இல்லன்னா இல்லன்னு சொல்லு. இப்படி நடுவுல போட்டு வைக்காத."

முதல் நாள் மண் சுமந்தேன். விதை போடும்போது ஒரு பெண், இவள் கையால் வேண்டாம் என்றாள். ராசம்மா அக்கா என் உள்ளங்கையில் வெண்டை விதையைக் கொட்டினார்.

"யாரு தாலி கட்டிக்கினு கீறாங்கன்னு மண்ணு பாக்குதா இன்னா? நீ போடு."

போட்டேன். முளைத்தது. தண்ணீர் ஊற்றுகிற நேரம் மட்டும் மூச்சு விட்டேன். வீட்டுக்குத் திரும்பினால் அதே சோறு, அதே வாசல்.

மாசியில் வடகரையிலிருந்து ஒருவர் தோணியில் பூசணி விதை கொண்டுவந்தார். ஆந்திரா பக்கத்து மீனவர். எங்கள் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு அவர்கள் ஊரில் சேர்த்துக் கொடுத்தது. வீட்டில் இருந்திருந்தால் அந்நிய ஆணிடம் வாய் திறந்திருக்க மாட்டேன். அன்று ஏதோ ஒன்று என்னைத் தள்ளியது.

"அண்ணா, புயல்ல உங்க கரையில யாராவது ஒதுங்கினாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"ஒருத்தரு வந்தாரும்மா. எந்த ஊருன்னு தெரியல, நாங்கதான் அடக்கம் பண்ணோம். சட்டை தோள்ல நீல நைலான் நூலு போட்டு தெச்சிருந்தது."

வீட்டில் வேறு நூல் இல்லாததால் வலை நூலால் நான் தைத்தது. பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதத்து அழுகையும் அங்கே வந்தது. ராசம்மா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த மீனவர் தோணியில் மாமியாரும் நானும் போனோம். அவர் மனைவிக்குத் தமிழ் வராது. துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். சவுக்குத் தோப்பு ஓரம் மண் மேடு. மாமியார் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு மீனவரிடம் கேட்டார்.

"நைனா, எம்புள்ளைக்குப் பால் ஊத்தனீங்களா?"

"ஊத்தனோம்மா. எங்க ஊட்டுப் புள்ளைக்கு எப்படியோ அப்படித்தான்."

அன்று இரவு மாமியார் மகனுக்குப் பங்கு எடுத்து வைக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ தின்னு" என்றார்.

நான் கேட்டது இரண்டில் ஒன்று. கிடைத்தது எனக்குப் பிடித்த பதில் இல்லை. ஆனாலும் அது பதில்தான். இன்றும் என் சோறு அந்தத் தோட்டத்து வேலையில்தான். மாமியார் தன் காலம் முடியும் வரை என்னோடுதான் இருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், மனதில் இருப்பதை அப்படியே அம்மனிடம் சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள். நாலு பேர் வேலை செய்கிற இடத்துக்குப் போங்கள். எனக்கு அவள் அங்கேதான் ஆளை அனுப்பினாள்.