பன்னிரண்டு கேள்விகளில் இல்லாதது

பொன்னேரியில் கணினிப் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, மூன்று மாதக் கணக்கெடுப்பு வேலை ஒன்று கிடைத்தது. மீனவர்களை லைஃப் ஜாக்கெட் போடவைக்க ஒரு செயலி செய்திருந்தார்கள். படகு கிளம்பும் நேரத்தில் செல்போன் பேசும்: "ஜாக்கெட் போட்டாச்சா?" ஆமாம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. அதைப் பயன்படுத்துகிறவர்களின் கணினி அறிவைப் பன்னிரண்டு கேள்விகளால் அளப்பது என் வேலை.

பழவேற்காட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஓர் அண்ணன். மின்னஞ்சல் அனுப்பத் தெரியுமா? தெரியாது. கடவுச்சொல் மாற்ற? தெரியாது. பன்னிரண்டுக்கு இரண்டுதான். ஆனால் அவர் கணக்கில் ஒருநாள் விடாமல் பச்சை.

"விவரம் தெரியாதவர், ஆனா சொன்னபடி கேக்கறார். இதுதான் வேணும்" என்றார் மேலாளர் போனில்.

ஒருநாள்கூடச் சிவப்பு விழாததை நினைத்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை கரைக்குப் போனேன். அண்ணன் வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். போன் பேசியது. பார்க்காமலே கட்டைவிரலால் அமுக்கினார். உடம்பில் ஜாக்கெட் இல்லை.

"ஜாக்கெட் எங்கண்ணே?"

"வூட்ல கீதும்மா. அத்த மாட்டிக்கினு வலை இழுத்தா கை வராது."

"அப்போ பச்சைய ஏன் அமுக்குனீங்க?"

"செவப்ப அமுக்குனா ஏன், எதுக்குன்னு கேட்டுக்கினே கீது. பச்சைன்னா வுட்டுடுது."

மேலாளரிடம் சொன்னேன். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். பேருந்தில் போகும்போதும் சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

அடுத்த வாரம் முகத்துவாரத்தில் அலை அடித்து அண்ணனின் படகு கவிழ்ந்தது. செய்தி கேட்டு ஓடினேன். கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கியவரை வேறொரு படகு கரைசேர்த்திருந்தது. ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார். என் போனில் அன்றைய கணக்கைத் திறந்தேன். அன்றும் பச்சை. அவரிடம் காட்டினேன்.

போனை என் பக்கம் தள்ளினார். "தெரிஞ்சுதாம்மா அமுக்குனேன்."

மீதி வீடுகளில் நானாகப் பதின்மூன்றாவதாக ஒன்று கேட்டேன்: "இந்தப் போன் வாய எப்படி அடைப்பீங்க?" ஒருவர் விடாமல் "பச்சைய அமுக்கி" என்று சரியான பதில் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதி, படகு கவிழ்ந்த நாளின் பச்சையையும் சேர்த்து அனுப்பினேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் மேலாளரே மெல்லிய ஜாக்கெட் ஒன்றோடு கரைக்கு வந்தார். அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வலை இழுத்துப் பார்த்தார்.

"அக்குள்ல அறுக்குது சார்" என்று கழற்றிக் கொடுத்தார்.

எந்த இடத்தில் என்று மேலாளர் கேட்டுக் குறித்துக்கொண்டார்.