சூடு ஆறாத நெல்

நான் என்ன படிக்கிறேன் என்று செஞ்சியில் யாருக்கும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. இயற்பியல், கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் மூன்றும் சேர்ந்த ஒரே பட்டம். அதிலும் ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை, மறுபடி வகுப்பு. வேலைக் காலத்துக்கும் மதிப்பெண் உண்டு, கடைசியில் அறிக்கை எழுதித் தர வேண்டும். மற்ற பிள்ளைகள் கல்லூரிக்குப் பஸ் ஏறுகிற நேரத்தில் நான் கடைத்தெருவில் நின்றால், என்னைக் கல்லூரியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்றுதான் பேச்சு. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் எத்தனை அரியர் என்று அக்கறையாகவே விசாரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த ஊருக்கு ஒருநாள் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

காட்ட வாய்ப்பும் வந்தது. மூன்றாம் ஆண்டு வேலைக் காலத்தில், நெல்லின் ஈரத்தை அளக்கும் மீட்டர் செய்கிற சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். நெல் மண்டிகளில் மாய்ச்சர் மீட்டர் என்பார்கள். அதன் கிண்ணத்தில் நெல்லைக் கொட்டினால், நெல்லுக்குள் மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, ஈரம் எத்தனை சதவீதம் என்று எண்ணில் சொல்லும். நெல் சூடாக இருந்தால் மட்டும் ஈரத்தைக் கூட்டிக் காட்டிவிடும். சூட்டை அளந்து அந்த மிகையைக் கழிக்கிற பகுதி என் பொறுப்பு. சென்சாரைப் பொருத்தியதும் நான், புரோகிராம் எழுதியதும் நான். ஆய்வகத்தில் இம்மி பிசகவில்லை. வெளியில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் எங்கள் ஊர் மண்டியைச் சொன்னேன்.

அந்த மண்டியில் நைனாவின், அதாவது என் அப்பாவின், மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது. அவர் நெல் என்றால் காய்ந்த நெல், அவ்வளவுதான். சித்திரை வெயிலில், எங்கள் நிலத்தை ஒட்டிய பாறையில் இரண்டு நாள் காயவைத்து, உச்சி வேளையில் அள்ளி மூட்டை கட்டி, நேரே டிராக்டரில் கொண்டுவந்துவிட்டார். மகள் மிஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அன்றைக்கு வெள்ளைச் சட்டை வேறு. முதல் மூட்டையில் நானே குத்தூசியைச் செருகி, அதில் வழிந்த நெல்லைக் கிண்ணத்தில் பிடித்தேன்.

பதினெட்டு என்று காட்டியது. மண்டிக்காரர் பதினேழுக்கு மேல் எடுப்பதில்லை.

நைனா இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். "காஞ்சிருக்குது பாப்பா. இன்னொரு வாட்டி வெச்சுப் பாரு."

வைத்தேன். பதினெட்டுதான். சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஆள் பார்த்து அளக்கிறாள் என்று பேச்சு வந்துவிடக்கூடாதே என்பதுதான் என் எண்ணமெல்லாம்.

"பல்லு சொல்றத எழுத முடியாது நைனா. ஈரம் இருக்குது, எடுத்துனு போ," என்றேன்.

அவர் மூட்டைகளைத் திரும்ப டிராக்டரில் ஏற்றினார். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். நேர்மையாக நடந்துகொண்டேன் என்று உள்ளுக்குள் பெருமைதான். அளந்த நெல்லைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, தேதி எழுதி வைத்துக்கொண்டேன். அறிக்கைக்கு வேண்டுமே.

இன்னும் மூன்று நாள் அந்த நெல் அதே பாறையில் கிடந்தது. திரும்பக் கொண்டுவந்தபோது மீட்டர் பதினைந்து காட்டியது. நைனாவைப் பார்த்துச் சிரித்தேன், நான் சொன்னேன் பார்த்தாயா என்கிற சிரிப்பு. மண்டிக்காரர் வழக்கமில்லாத வழக்கமாக ஒரு பிடி எடுத்துக் கட்டையால் தேய்த்து உமியை ஊதினார். அரிசி துண்டு துண்டாகக் கிடந்தது.

"பதினஞ்சுல இருக்குற நெல்லு இப்டி நொறுங்காதும்மா. ரொம்பக் காஞ்சாத்தான் நொறுங்கும்," என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, அவருக்கே விளங்கவில்லை. நொய்க்குத்தான் ஆகும் என்று நைனாவின் மூட்டைகளைத் தனியாக அடுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை, முதலில் எடுத்து வைத்த கவரைப் பிரித்து அதே மீட்டரில் கொட்டினேன். பதினெட்டு காட்டிய நெல் இப்போது பதினைந்து காட்டியது. முந்தின நாள் அளந்து, அதேபோல் கவரில் போட்டிருந்த நெல் பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு. மூடிய கவரிலிருந்து ஈரம் எங்கும் போயிருக்க முடியாது. போனது சூடு மட்டும்தான். என் சென்சார் மீட்டருக்குள்ளே சர்க்யூட் போர்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, நிழலில் இருந்த மீட்டரின் சூட்டை அளந்திருக்கிறது, கிண்ணத்தில் இருந்த நெல்லின் சூட்டை அல்ல. ஆய்வகத்தில் நெல்லும் மீட்டரும் ஒரே ஏசியில் இருந்ததால் வித்தியாசமே தெரியவில்லை. எங்கள் பாறையில் காய்ந்த நெல் கையைச் சுடும் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். குத்தூசியிலிருந்து நேரே கிண்ணத்தில் பிடித்தேனே தவிர, ஒரு தடவைகூட நான் அதைத் தொடவில்லை.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவரிடம் போனில் சொன்னேன். திருத்திக்கொள்ளலாம், அறிக்கையில் 'மேம்படுத்த வேண்டியவை' என்பதன் கீழே ஒரு வரி எழுதினால் போதும் என்றார், என் மதிப்பெண்ணை நினைத்து. 'என் தவறு' என்றே எழுதினேன். பிறகு மதிப்பெண் குறைந்தது, அது பெரிதில்லை. மண்டிக்குப் போய் அதே ஆட்கள் முன்னால் சொல்வதுதான் பெரிதாக இருந்தது. நைனாவையும் வரச் சொன்னேன். மீட்டர்தான் தப்பு, முதல் நாளே நெல் பதமாகக் காய்ந்திருந்தது, அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று சொன்னேன். மண்டிக்காரர் தலையாட்டினார். அடுத்த போகத்தில் நைனாவின் மூட்டையைப் பிரிக்காமல் எடுப்பாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது நைனாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காய்ந்துவிட்டது என்று அத்தனை நிச்சயமாகத் தெரிந்திருந்தும் ஏன் நெல்லைத் திரும்பப் பாறையில் கொட்டினாய், வேறு மண்டிக்காவது போயிருக்கலாமே என்று கோபமாகவே கேட்டேன். கோபம் என் மேல்தான்.

நைனா வண்டியை மெதுவாக்கினார்.

"ஈரம் இல்லன்னு எனக்குத் தெரியும் பாப்பா. நீ இருக்குதுன்னியே."